மட்டக்களப்புக்குத் தெற்கே

தண்டவாளம் மட்டக்களப்போடு முடிகிறது.
அங்கால் பஸ்தான்.

கல்முனை ஆஸ்பத்திரி ஆய்வுகூடத்தில்
பிறத்தியார் இரத்தத்தை நாள் முழுக்கச் சுழற்றிவிட்டு
பின்னேரம் ஐந்தே காலுக்கு
மிதிபலகையில் ஒரு காலும்
யாரோ ஒருவரின் செருப்பில் மறு காலுமாக
வீடு வந்து சேரும் நான்,
ஒரு சனிக்கிழமை
களுவாஞ்சிகுடி வளவில், கிணற்றடியில்,
மிச்சப் பாதையைப் போடத் தொடங்கினேன்.

யன்னல் செய்து மிஞ்சிய அலுமினியத்தை
மருதமுனை ஜவாஹிர் கிலோக் கணக்கில் விற்கிறார்.
"என்னத்துக்கு?"
"ரெயில் விட."
நிறுத்ததை இன்னொரு தரம் நிறுத்தார்.
வேறொன்றும் கேட்கவில்லை.
அடுத்த கிழமை அவரே வந்து
மூன்று உருளை பூட்டிய கருவியால்
குளியலறைச் சுவரோரம் ஒரு வளைவை
முனகாமல் வளைத்துத் தந்தார்.
நாற்பத்தைந்து மில்லிமீற்றர் இடைவெளி,
ஒரு மயிர் கூடினால் சில்லு இறங்கிவிடும்.

மணல் ஒருவருக்கும் வாக்குக் கொடுப்பதில்லை.
கச்சான் வீசினால் காரைதீவு புதைகிறது.
மார்கழி மழையில் ஓந்தாச்சிமடம் மிதக்கிறது.
மாவரியால் சலித்த சல்லியைக் கொட்டி
மட்டம் பார்த்து, குந்தியிருந்து,
முழங்கால் மரத்து எழும்பும்போது
பின்னால் கோழி வந்து
திருக்கோவிலைக் கிளறிப் போட்டிருக்கும்.

பழைய டிரில் மெசினின் மோட்டர்,
அதே மெசினின் பற்றரி.
செங்கல் நிறப் பூச்சு இரண்டு தரம்.
முதல் ஓட்டத்தில்
பெட்டி மூன்றும் கவிழ்ந்து கிடந்தன.
விசாரணையில் தெரிந்தது:
ஒரு முருங்கைப்பூ போதும்
கடுகதியைக் கவிழ்க்க.

முதலில் ஐந்தே ஐந்து ஸ்ரேசன்தான் எழுதினேன்,
மீன் ரின்னை வெட்டி, தட்டி, வெள்ளை பூசி.
மீன்காரத் தவராசா சைக்கிளில் ஒற்றைக்கால் ஊன்றி
வேலிக்கு மேலால் வாசித்தார்.
"எங்கட கோட்டைக்கல்லாறில நிக்காதா கா?"
நின்றது.
தபால்காரர் நிந்தவூரில் பெண் எடுத்தவர்.
அதுவும் நின்றது.
மச்சாளுக்குக் குருக்கள்மடம்.
பஸ்லீனா மிஸ்ஸுக்கு அட்டாளைச்சேனை,
பள்ளிக்குக் கிட்ட, நிழலோடு.
மறுகா யார் யாரோ.

கிணற்றடியிலிருந்து பலாமரம் வரை
முப்பத்தொரு அடி.
இருபத்துமூன்று தரிப்பு.
புறப்பட்ட ரெயில்
மூச்சு வாங்குவதற்குள் நிற்கிறது,
மூச்சு விட்டு மறுபடி நிற்கிறது.
பலாவேரில் இருந்து பார்த்துக்கொண்டிருந்த எனக்கு
மெல்ல விளங்கியது:
இவ்வளவு பாடுபட்டு
நான் கட்டியிருப்பது பஸ்.

அன்றிரவு கரண்ட் போனது.
ஒருவருக்கும் சொல்லாமல்
எஞ்சின் நெற்றியில் ஒரு சிறு விளக்கை ஒட்டி
எங்கும் நில்லாத கடுகதியொன்றை விட்டேன்.
காத்தான்குடி, ஆரையம்பதி, களுதாவளை,
எங்கள் களுவாஞ்சிகுடியும் போனது.
இருட்டில் பலகைகள்
ஒரு கணம் வெளுத்து அணைந்தன.
கல்முனையில் மட்டும்
கை தானாக நிறுத்திவிட்டது.
இறங்க ஒருவருமில்லை.
ஒரு கட்டெறும்பு ஏறியது.

பொத்துவிலோடு என் காணி முடிகிறது.
அதற்கப்பால் கிடுகு வேலி,
வேலிக்கப்பால் பாக்கியம் அக்காவின் வளவு.
கோழியின் சொந்தக்காரி.
காலையில் குப்பை கொட்ட வந்தவ
பலாவடியில் முட்டி நிற்கும் பாதையைப்
பாத்திரத்தோடு நின்று பார்த்தா.
"இது என்ன, அந்தரத்தில நிக்குது?
பாணமைக்கு விடுறதெண்டா
வேலியில ஒரு பொட்டு வெட்டு புள்ள.
கத்தரிப் பாத்தியை மட்டும் விட்டுட்டுப் போ."

ஜவாஹிருக்குச் சொல்லவேண்டும்,
இன்னும் நாலு கிலோ.

திங்கட்கிழமை பஸ்ஸில் இருக்க இடமில்லை.
கைப்பையில் சோற்றுப்பெட்டிக்கு அடியில்
ரிமோட்டும் கூடவே வந்துவிட்டது.
கல்லாற்றுப் பாலத்தை நெருங்க
சாரதி மிதித்தான் ஒரு மிதி.
கம்பியில் ஒரு கை,
பைக்குள் ஒரு கை.
பெருவிரலால் மெல்லக் குறைத்தேன்.

குறைந்த மாதிரித்தான் இருந்தது.