எல்லைகள் பின்வருமாறு

வடக்கே சமையலறை ஜன்னல்.
கிழக்கே கேஸ் சிலிண்டர்.
தெற்கே சீனிப் போத்தல், அதன் எறும்புகள் உட்பட.
மேற்கே சுவர்,
சுவருக்கு அங்கால் பஸ்லியா வீட்டுக் குக்கர் விசில்.
இதனுள் அடங்கிய நிலம்
ஓர் ஐஸ்கிறீம் பெட்டியின் மூடி.
பத்து அங்குலம் நீளம், ஏழு அகலம்.
மண் இல்லை, தும்புச்சோறு.
உறுதி முடிக்க நொத்தாரிசு தேவைப்படவில்லை.

கோவா விதை, மருந்து பூசாதது,
ஐந்து பக்கற்.
"தோட்டம் எவ்வளவு?" என்று கேட்டான் கடைக்காரன்.
கையை விரித்துக் காட்டினேன்.
"முளையிலேயே வெட்டித் தின்னத்தான்."
மிச்சக் காசைத் தரும்போது
என் முகத்தை இன்னொருமுறை பார்த்தான்.

முதல் தரம் வெளியில்தான் வைத்தேன்.
டைக் வீதி மான்களுக்கு
கேற் என்றால் என்னவென்று தெரியாது.
கொம்பன் ஒன்று படியேறி வந்து
இரண்டு நக்கில் முடித்துவிட்டு
மூடியையும் மென்று பார்த்தது.
அடுத்த தரம் கடல் காற்று.
உப்புக்கு முளை சுருண்டது.
பிறகுதான் உள்ளே.

விதைத்ததும் மூன்று நாள் இருட்டு வேண்டும்.
மேலே பாரமும் வேண்டும்,
பாரம் இருந்தால்தான் வேர் இறங்குமாம்.
வீட்டுக்குள் பாரம் தேடினேன்.
அரிசி முடிந்திருந்தது.
அலுமாரிக்கு மேலே
எங்கள் காணிக் கோப்பு.

பதினேழு வருடம்.
கச்சேரிக்குக் கொடுத்த கடிதத்தின் பிரதி,
பிரதேச செயலகத்துக்குக் கொடுத்ததன் பிரதி,
பிரதி கிடைத்தது என்று வந்த கடிதத்தின் பிரதி.
பரிசீலனையில் உள்ளது, மும்மொழியிலும்.
நில அளவையாளர் வருவதாய்ச் சொன்ன திகதிகள்.
தவநேசன் கைப்பட வரைந்த படம்:
கிணறு ஒரு வட்டம்,
முள்ளுக்கம்பி ஒரு நெடுங்கோடு.
வட்டம் கோட்டுக்கு அந்தப் பக்கம்.

லஞ்ச் சீற் விரித்து அதன்மேல் வைத்தேன்.
வேலையால் வந்தவன் பார்த்தான்.
ஒன்றும் சொல்லவில்லை.
சேட்டைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு,
"நனையாதோ?" என்றான்.

மூன்றாம் நாள் விடிய
கோப்பு சரிந்திருந்தது.
ஒரு பக்கம் மட்டும், தீப்பெட்டி உயரத்துக்கு.
குனிந்து பார்த்தேன்.
வெளிச்சம் காணாத வெளிர்மஞ்சள் கழுத்துகள்
நூற்றுக்கணக்கில்
தலையால் முட்டிக்கொண்டு நின்றன.
கடுகை விடக் கொஞ்சம் பெரிய விதை.
ஒரு மேசையிலிருந்து அடுத்த மேசைக்குப் போக
நாலு வருடம் எடுத்த கோப்பு அது.

நான் போட்ட சத்தத்தில் பஸ்லியாவும் ஓடி வந்தாள்.
"பூஞ்சணம் பிடிச்சிட்டுது, எறிங்க."
அடியில் வெள்ளையாய்ப் பஞ்சு.
கண்ணாடி துடைக்கிற போத்தலால் நீர் தெளித்தேன்.
பஞ்சு படிந்து நூல்நூலாய்ப் பிரிந்தது.
வேர்.
"அல்லாஹ், இத்தனையா" என்றாள்,
அப்படியே தரையில் குந்திவிட்டாள்.

வெளிச்சம் பட்ட அன்றே பச்சை பிடித்தது.
எல்லாம் ஜன்னல் பக்கம் சாயும்.
காலையில் மூடியைத் திருப்பி வைப்பேன்,
பின்னேரத்துக்குள் மறுபடி ஜன்னலுக்கே.
ஒவ்வொரு முளையிலும் இரண்டு இலை,
நடுவில் பிளந்து,
அச்சு அசலாய் மான் குளம்படி.
இரவில் ஒரு கூட்டமே
என் குசினியைக் கடந்து போனதுபோல.

ஒன்பதாம் நாள் கத்தரிக்கோல்.
வெட்டினால் திரும்பத் தழைக்காது;
அதை யாரும் எனக்கு ஒளிக்கவில்லை.
பாண், சம்பல், மேலே ஒரு பிடி.
முதலில் கடுகுக் காரம்,
பிறகு கோவா,
பிறகு சும்மா தண்ணீர் மாதிரி ஏதோ.
தவநேசன் இன்னொரு துண்டு பாண் கேட்டான்.

திங்கட்கிழமை மக்கள் சந்திப்பு நாள்.
கோப்பைக் கொண்டு போனான்.
பத்தரைக்கு வரிசையிலிருந்து போன் பண்ணினான்.
"பின்மட்டையில ஒரு முளை ஒட்டிக் கிடக்கு.
காய்ஞ்சு போச்சு. எடுத்து விடவோ?"
"கிடக்கட்டும்.
எத்தனையாம் நம்பர்?"
"நாற்பத்தொன்று. இப்ப ஒன்பது போகுது."
"கெதியா வா.
இஞ்ச விதை போட்டிட்டன்.
மேல வைக்க ஒன்றுமில்லை."