பத்தி நாற்பத்தேழு

தேர்தல் தேதி அறிவித்த வாரம்
கான்பெராவில் குளிர் தொடங்கியிருந்தது.
திங்கள் காலை எங்கள் தளத்தில்
மேசைக்கு இரண்டு உறைகள்,
ஒன்று சிவப்பு, ஒன்று நீலம்.
வெல்பவர் எவரோ, நாற்காலியில் அமரும் முதல் நாள்
திறந்து படிக்க ஒரு புத்தகம் வேண்டும்.
தோற்பவருக்கும் ஒன்று எழுதியாக வேண்டும்.

எனக்கு விழுந்தது பத்தி நாற்பத்தேழு.
மேற்கே ஓர் ஊர்.
பெயர் சொல்லமாட்டேன், கையெழுத்திட்டிருக்கிறேன்.
சிறுநீரகம் பழுதான பதினொரு பேர்
வாரம் மும்முறை
இருநூற்றுத் தொண்ணூறு கிலோமீட்டர் போய்
ரத்தம் கழுவிக்கொண்டு திரும்புகிறார்கள்.
ஒரே வேன். ஓட்டுநர் லெஸ்லி, வயது அறுபத்தெட்டு.
கங்காரு குறுக்கே பாயும் அந்தி நேரத்தில்
விளக்கைக் கூட்டாமல் ஓட்டமாட்டார்.
இது பத்தியில் இல்லை,
தொலைபேசியில் அவரே சொன்னது.

சிவப்பில் 'சமவாய்ப்பு' என்று எழுதினேன்.
நீலத்தில் அதே வரிக்கு 'வீண்செலவுக் குறைப்பு'.
அங்கே 'உரிமை' நின்ற இடத்தில்
இங்கே 'உள்ளூரின் தேர்வு'.
சட்டை மாற்றுவதுபோல்
சொல்லை மாற்றினேன்.
பதினொன்று
இரண்டிலும் பதினொன்றுதான்.

மேலதிகாரி ஃபியோனா பென்சிலை வைத்துவிட்டுச் சொன்னார்:
"எந்தப் பக்கம் என்றே தெரியவில்லை."
பாராட்டுதான்.
வீட்டில் இளம்பரிதி வேறுவிதமாகச் சொன்னான்:
"பாம்புக்குத் தலை, மீனுக்கு வால். விலாங்கு."
சிரித்தேன்.
பாத்திரம் கழுவும்போது சிரிக்கவில்லை.

சனிக்கிழமை பள்ளிக்கூட வரிசையில் நின்றேன்.
அந்த அட்டைத் தடுப்புக்குள் மட்டும்,
நூலில் கட்டிய பென்சில் கையிலிருக்கும்வரை,
எனக்கும் ஒரு நிறம் உண்டு.
என்ன நிறமென்று கேட்காதீர்கள்.
வெளியே வந்து
வதக்கிய வெங்காயத்தோடு ஒரு சாசேஜ் ரொட்டி வாங்கித் தின்றேன்.

இரவு பத்தரைக்கு ஒருவர் தோல்வியை ஒப்புக்கொண்டார்.
திங்களன்று ஒரு புத்தகம் மாடியேறியது.
மற்றதைப் பூட்டிய தொட்டியில் போட
என்னைத்தான் அனுப்பினார்கள்.
துவாரத்தில் நுழைக்குமுன் அந்தப் பக்கத்தைப் பிரித்தேன்.
அதில்தான் நன்றாக எழுதியிருந்தேன்.

மூன்று வாரமாயிற்று.
புதிய அமைச்சர் முப்பதாம் பத்திவரை வந்துவிட்டாராம்.
நல்ல வாசகர் என்கிறார்கள், ஓரங்களில் கேள்வி எழுதுகிறாராம்.
நானும் காத்திருக்கிறேன், கேட்டால் சொல்ல
எண்கள் தயார்.

இன்று செவ்வாய். மணி ஐந்து.
ஜன்னலில் ஏரி கறுக்கிறது.
இந்நேரம் லெஸ்லி
விளக்கைக் கூட்டியிருப்பார்.