ஐரா

நாற்பது பக்கம் வரை அவளுக்குப் பேரில்லை.
'அவள்' தண்ணி லாரி ஓட்டினாள்,
'அவள்' கியர் மாற்றினாள்,
செட்டிநாடு ஸ்டேஷன் கேட்டில்
வராத ரயிலுக்கு ஒரு வசவு போட்டாள் 'அவள்'.

வைத்துப் பார்க்காமலில்லை.
மெய்யம்மை என்று எழுதினால்
சின்னத்தா எழுந்து உட்கார்ந்து பக்கத்தைப் படிக்கிறாள்.
உமையாள் என்றால் கோட்டையூரில் இருந்து போன் வரும்.
அழகம்மை எங்கள் பங்காளி வீடுகளில் மட்டும் ஏழு பேர்,
ஒருத்தி என்னோடு பேசுவதில்லை.
நான் சிகப்பி, ஐந்தாவது சிகப்பி.
நிறம் கறுப்பு. அதைச் சொல்லிச் சிரிக்காதவர்
இனிமேல்தான் பிறக்கவேண்டும்.
பேரன், பேத்தி:
சொல்லுக்குள்ளேயே பேரை வைத்துத் தைத்துவிட்டார்கள்.
எங்களுக்கு யாரும் பேர் வைப்பதில்லை,
போன பேர் திரும்பி வருகிறது.

கானாடுகாத்தான் ஹோட்டலில் எனக்கு
இரவு ரிசப்ஷன். சித்திரை.
பத்து மணிக்கும் சுவர் சுட்டது.
பாஸ்போர்ட்டைப் பார்த்து ஏற்றினேன்: ஈரா.
"ஐரா" என்றாள் அந்தப் பெண்,
முதல் தடவையாகத் திருத்துகிறவள் போல, பொறுமையாக.
வேல்ஸாம். இங்கிலாந்துதானே என்றேன்.
இல்லை என்று அவள் சொன்ன தொனி தெரிந்த தொனி:
மதுரைப் பக்கமா என்று கேட்கிறவரிடம்
நாங்கள் சொல்வது அப்படித்தான்.

அர்த்தம்?
பனி.
மார்கழியில் தலையில் துண்டு கட்ட வைக்கிற
நம் பனி இல்லை.
கூரையில் கனமாக உட்கார்ந்து
கதவைத் திறக்கவிடாத பனி.
ஏசி பழுதான அறையின் சாவியை
நான் அப்போது நீட்டிக்கொண்டிருந்தேன்.

இரண்டே எழுத்து. வாயில் போட்டதும் கரைகிறது.
யாருடைய மூக்கும் அதில் ஒட்டியிருக்கவில்லை.
அந்தப் பேரில் யாரும் எங்கள் ஊரில்
பத்திரத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு
கிணற்றடியில் போய் நின்றதில்லை.
அன்றிரவே லாரியில் ஏற்றிவிட்டேன்.

நெற்றியில் பேர் எழுத வந்த பெயின்டர் சோலை
பிரஷ்ஷை நிறுத்தினான்:
"ஈராவா? கடைசி எழுத்து விட்டுப்போச்சே அக்கா,
ஈரம்னு போட்டுடவா?"
அவனை நான் எழுதவில்லை, அவனாக வந்தான்.
வேண்டாம் என்றாள் ஐரா,
வேண்டாமென்றாலும்
ஓட்டை வால்வில் சொட்டிக்கொண்டேதான் போகிறது லாரி,
தார்ச்சாலையில் ஒரு கோடு,
அதை நக்கிக்கொண்டு ஒரு நாய்.

மூன்றாம் நாள் பில் போடும்போது சொன்னேன்,
உங்கள் பேரைக் கதைக்கு எடுத்துக்கொண்டேன் என்று.
சிரித்தாள்.
"என்னுடையதே இல்லை அது.
அப்பாவின் அக்கா பேர்.
பனி வழியடைத்த ஒரு நாளில் பிறந்தாள்,
ஒன்பது வயதில் போய்விட்டாள்.
வீணாக வேண்டாமென்று எனக்குத் தந்தார்கள்."
பிரிண்டரில் ரசீது சிக்கிக்கொண்டது.
அங்கேயுமா, என்றேன், தமிழில்.

அடித்துவிடலாம் என்று பேனாவை எடுத்தேன்.
நாற்பத்தோராம் பக்கத்தில்
கடியாபட்டித் தெருமுனையில் லாரி நின்றிருந்தது.
குடத்தோடு வந்த ஒருத்தி கேட்டாள்,
"பேர் என்னம்மா?"
"ஐரா."
"இதென்ன பேர்? எந்தக் கோயில்?"
எனக்கும் தெரியாது.
அவள் பதில் சொல்லாமல் வால்வைத் திருகினாள்.
ஒன்பது வயசிருக்கும், ஒரு பிள்ளை
வரிசையை மீறி வந்து
தண்ணீருக்குள் கையை வைத்தது.
சில்லென்றிருந்ததா
என்று இன்னும் எழுதவில்லை.