இரண்டு பக்கமும் ராகுகாலம்

மூன்று மணிக்கு வேலை முடிந்து
இரண்டே காலுக்கு வீடு வந்து சேர்வேன்.
கோடை முழுக்க இப்படித்தான்.
ட்வீட் ஹெட்ஸில் நான் மாத்திரை எண்ணும் மருந்துக்கடை,
கூலங்கட்டாவில் வீடு,
நடுவில் ஒரு தெரு.
அந்தப் பக்கம் நியூ சவுத் வேல்ஸ்
அக்டோபரில் கடிகாரத்தை முன்னால் தள்ளும்.
இந்தப் பக்கம் குயின்ஸ்லாந்து
தொடவே மாட்டேன் என்று கைகட்டி நிற்கும்.

கைபேசிக்குத்தான் பைத்தியம் பிடிக்கிறது.
சமையலறையில் ஒரு கோபுரம், படுக்கையறையில் ஒன்று.
தலையணையின் எந்தப் பக்கம் வைத்தேன் என்பதைப் பொறுத்து
அலாரம் அடிக்கும்,
அல்லது அடித்து முடித்திருக்கும்.

இன்று முதல் ஞாயிறு.
முடிதிருத்தும் டாரல் ஒரு தாளோடு வந்துவிட்டான்.
குயின்ஸ்லாந்தும் மாற்ற வேண்டுமாம், கையெழுத்து வேண்டுமாம்.
"ஒன்பதுக்கு வரச் சொன்னால் பத்துக்கு வருகிறார்கள்,
வந்து, சரியாக ஒன்பது என்று கையைக் காட்டுகிறார்கள்.
நான் யாரோடு சண்டை போட?"
எதிர்வீட்டு கிளெனிஸ் கதவைத் திறக்காமலே
கூடாது என்றாளாம்.
டூவூம்பாவுக்கு அப்பால் மாடு கறக்கிறான் அவள் மகன்.
மடிக்கு யார் போய்ச் சொல்வது என்று கேட்டாளாம்.

கோமதிநாயகம் என்னைப் பார்க்கவில்லை,
சுவரைப் பார்த்தார்.
தென்காசி இரும்புக்கடை கொடுத்த நாள்காட்டி.
ஞாயிறு, நாலரை முதல் ஆறு.
"இப்போது மணி என்ன?"
"எந்தப் பக்கத்து மணி?" என்றேன்.

இதற்கு அவரிடம் கணக்கு இருக்கிறது.
போன வருடம் கார் வாங்கும்போது போட்ட கணக்கு.
அந்தப் பக்கம் நாலரை அடித்ததும்
தெருவைக் கடந்து இந்தப் பக்கம் வந்துவிட வேண்டும்,
இங்கே மூன்றரைதான்.
இங்கே ஐந்தாகும்போது திரும்ப அங்கே போய்விட வேண்டும்,
அங்கே ஆறு, ராகு எழுந்து போயிருப்பார்.
எல்லாம் சரி,
இடையில் ஓர் அரைமணி மட்டும் உதைக்கிறது.
இங்கே நாலரை முதல் ஐந்து,
அங்கே ஐந்தரை முதல் ஆறு.
அந்த அரைமணியில்
தெருவின் எந்தப் பக்கம் நின்றாலும் ராகு நிற்கிறார்.

"சூரிய உதயத்திலிருந்து எண்ண வேண்டும்,
கடிகாரத்திலிருந்து இல்லை" என்று சொல்லிப் பார்த்தேன்.
அச்சடித்தது அச்சடித்ததுதான் என்றார்.

பைன் மரத்தில் கிளிகள் அடையத் தொடங்கியிருந்தன.
பறவைக்கு எல்லை தெரியாது என்று யாராவது சொல்வார்கள்.
இவற்றுக்கு நன்றாகவே தெரியும்:
பேக்கரி இருப்பது குயின்ஸ்லாந்தில்.

நான் யாரிடமும் சொல்லாத ஒன்று.
மகனுக்குப் பள்ளி விடுவது மூன்றுக்கு, இந்தப் பக்கத்து மூன்றுக்கு.
இரண்டே காலுக்கும் மூன்றுக்கும் நடுவே
முக்கால் மணிநேரம் கிடக்கிறது.
செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு
கிர்ரா மணலில் உட்கார்ந்து
எள் தூவிய பன் ஒன்றை முழுசாகத் தின்பேன்.
யாருக்கும் பிய்த்துக் கொடுக்காமல்.
அந்தப் பக்கம் அது முடிந்துபோன நேரம்,
இந்தப் பக்கம் யாரும் என்னைத் தேடாத நேரம்.
இரண்டு மாநிலமும் ஒரே மணி காட்டினால்
மூன்றே காலுக்கு வந்து
பள்ளி வாசலில் மூச்சிரைக்க மன்னிப்புக் கேட்பேன்.

ஆனால் டாரல் நல்லவன்.
காய்ச்சல் நாளில் வீட்டுக்கே வந்து
பையனுக்கு முடிவெட்டிக் காசு வாங்காமல் போனவன்.
முகத்துக்கு நேரே எப்படி மாட்டேன் என்பது?

"ஐந்தாகட்டும்" என்றார் இவர், "அந்தப் பக்கம் போய்ப் போடுவோம்.
இப்போது போட்டால் விளங்காது."

விளங்காதா?

டாரலிடமிருந்து பேனாவை வாங்கினேன்.
இவர் கண்ணாலேயே தடுத்தார்.
நேரம் என்று ஒரு கட்டம் இருந்தது,
நாலு நாற்பது என்று எழுதி,
பக்கத்தில் ஐந்து நாற்பது என்றும் எழுதி,
அப்பா பெயர், ஊர்ப் பெயர் எதையும் விடாமல்
முத்து முத்தாகக் கையெழுத்துப் போட்டேன்.