குரைப்புக்கு ஒரு நாய்

வெருலத்தில் எட்டு மணிக்கு மின்வெட்டு.
அதற்குள் படகுக்காரி சாக வேண்டும்.

மூன்று வருடமாக
எவனோ கட்டிய ராஜ்யத்தின் வடக்கு ஓரத்தில்,
வரைபடம் வெறும் பனியென்று கைவிட்ட இடத்தில்
ஓர் ஆறு வெட்டிக்கொண்டிருக்கிறேன்.
சம்பளமில்லை. கேட்டவருமில்லை.
டிராகன்களைக் கொன்று அலுத்தவன்
வாளைக் கீழே வைத்துவிட்டு
ஓர் அக்கரைக்குப் போகட்டுமே என்றுதான்.

படகுக்காரிக்குக் குரல் தேஷ்னி.
பெட்ரோல் பங்க் இரவு வேலைக்குக் கிளம்புமுன்
துணி அலமாரிக்குள் கம்பளிகளுக்கு நடுவே குந்தி,
கைபேசியை வாயருகே பிடித்து
"கூலி வேண்டாம், உன் பேரைச் சொல்லிட்டுப் போ"
என்றாள்.
எனக்கே மயிர் கூச்செறிந்தது.
அதே நொடி
கோவெண்டர் வீட்டு நாய் குரைத்தது.

பதினேழு முறை திரும்பப் பேசினாள்.
பதினேழும் சுத்தமாக இருந்தன;
படகுக்காரிதான் இல்லை.
வடிகட்டிப் பார்த்தேன்:
நாய் போனால் அவள் மூச்சும் கூடவே போகிறது.

வேறு வழியில்லாமல் நாயை எழுதினேன்.
படகின் முனையில், ஒரு காது மடங்கி,
அந்நியன் ஏறினால் ஒரே ஒரு குரைப்பு.
கதையில் அதற்கு வேறு வேலையில்லை.

இன்று ஏழு ஐம்பத்தாறுக்கு அவள் செத்தாள்,
எந்தப் பிழையுமின்றி.
ஆடிப் பார்த்த குபேந்திரன்
சாட்ஸ்வொர்த்திலிருந்து எழுதுகிறான்:
"எல்லாம் முடிஞ்சுது.
நாய் மட்டும் படகை விட்டு இறங்கலை.
பன்னிரண்டு நிமிஷம் நின்னு பார்த்தேன்.
வேணும்னே வெச்சியா?"

ஒரு வரி மறந்துவிட்டேன்,
சரிசெய்கிறேன் என்று தட்டச்சு செய்து
அனுப்பாமல் இருந்தேன்.

திரை அணைந்தது. தெருவே அணைந்தது.
கோவெண்டர் வீட்டுப் பக்கம்
ஒரு குரைப்பு.