குளியலறைத் தராசு

தபால் நிலையத்திலிருந்து விடியலில் போன்:
"உங்கள் பெட்டி கத்துகிறது, சீக்கிரம் வாருங்கள்."
ஐம்பது கேட்டிருந்தோம், ஐம்பத்திரண்டு இருந்தன.
வழியில் சாவதற்கென்று இரண்டு கூடுதல்.
அவை சாகவில்லை.

வான்கோழிக் குஞ்சுக்குத்
தண்ணீரைப் பார்த்தால் தண்ணீர் என்று தெரியாது.
ஒவ்வொன்றாய் எடுத்து அலகை நனைத்தோம்
ஆர்லனும் நானும், மரத்தூளில் மண்டியிட்டு.
பிரிட்டா தன் கோலிக்குண்டுகளைத் தட்டில் போட்டாள்.
மினுக்கத்தைக் கொத்தப் போய்க்
குடிக்கக் கற்றுக்கொண்டன.
ஒன்று மட்டும் இரவில்
மூலையில், மற்றவற்றின் அடியில் நசுங்கிப்போனது.
காகிதப் பையில் போட்டபோது
பை காலியாக இருப்பதுபோல் இருந்தது.

ஆகஸ்டில் புல்லுக்கு விட்டோம்.
டிராக்டர் கதவை அறைந்தால் ஐம்பத்தொன்றும் ஒரே குரல்.
ஆர்லன் தும்மினால் ஒரே குரல்.
பாதிரியார் வந்து, நீண்ட ஜெபம் முடித்து
ஆமென் என்றதும்
ஜன்னலுக்கு வெளியே ஐம்பத்தொரு ஆமென்.
பிரிட்டா மேசைக்கடியில் போய்விட்டாள்.

அக்டோபர் கடைசியில்
அறுப்புக்கூடத்தில் குளிர்பெட்டி பழுதாம்.
மூன்று வாரம் தள்ளிப் போட்டார்கள்.
தள்ளிப்போன தேதி அவற்றுக்கு என்ன தெரியும்?
தின்றன.
மூட்டை மூட்டையாய் மக்காச்சோளமும் சோயாவும்
மார்பாய் மாறின.
கால்கள் மட்டும் பழைய கால்கள்.
வேலிவரை நடந்து, உட்கார்ந்து, மூச்சு வாங்கின.

குளியலறைத் தராசைக் கொட்டகைக்குக் கொண்டுபோனோம்.
முதலில் வெறுங்கையோடு நான்.
என் எடையைச் சாக்பீஸால் கதவில் எழுதினாள் பிரிட்டா,
தீவனக்காரன் முதல் எல்லோரும் பார்க்கும்படி.
பிறகு ஒரு சேவலை அணைத்தபடி ஏறினேன்.
இத்தனை சூடாய் இருக்கும் என்று நினைக்கவில்லை.
அதன் தாடைத்தொங்கல் என் கழுத்தில் படிந்து
சிவப்பிலிருந்து நீலத்துக்குப் போனது.
என்னைக் கழித்தால்
முப்பத்தொன்பது பவுண்டு.

டுலூத்திலிருந்து வெர்னா குவாலே:
"எங்கள் அடுப்பு பதினெட்டுக்கு மேல் கொள்ளாதே."
பாதியாக அறுத்துத் தரட்டுமா என்றேன்.
போனில் வெகுநேரம் ஒன்றுமில்லை.
"மேசையில் முழுசாய் இருக்கணும்.
மருமகள் வீட்டார் வருகிறார்கள்."

செவ்வாய்க்கிழமை ட்ரக்கில் ஏற்றினோம்.
கைக்குப் பழகியிருந்தது:
இறக்கையை மடக்கு, மார்போடு சேர், எழுந்திரு.
கடைசியில் ஆர்லன் கதவை அறைந்தான்.
உள்ளிருந்து ஒரே குரல்.
பழக்கத்தில் சிரித்துவிட்ட பிரிட்டா
எங்கள் முகத்தைப் பார்த்தாள்.

வெர்னா வேண்டாமென்ற கோழியில் ஒரு பாதி
நன்றித் திருநாளுக்கு எங்கள் மேசைக்கு வந்தது.
மார்பெலும்பில் ரம்பம் போன கோடு, வெள்ளையாய், நேராய்.
ருசியாக இருந்தது. பொய் சொல்வானேன்,
இரண்டாம் முறையும் கேட்டு வாங்கினேன்.

தராசு தன் இடத்துக்குத் திரும்பியிருந்தது,
வரிப்பள்ளங்களில் இன்னும் மரத்தூள்.
படுக்கப் போகுமுன் ஏறி நின்றேன்.
கைகள் தாமாக மடங்கின
நெஞ்சுக்கு முன்னால், வட்டமாய்.

கொட்டகைக் கதவில் எழுதியதைவிட
இரண்டரை பவுண்டு கூடுதல்.