கீழ்வீட்டுக் கணக்கு

மருந்தடிக்கிற சுனிமல் வந்தபோது
நானே மாற்றுத் திறப்போடு கீழே இறங்கினேன்.
நிக்சனுக்குத் துறைமுகத்தில் இரவு வேலை.
சப்பாத்தும் கழற்றாமல் செற்றியில் கிடந்தான்.

குசினியில்
காய்ந்த பருப்போடு லஞ்ச் ஷீட்டுகள்,
மூன்று நாள் பிளேன்டீக் கோப்பைகள்.
சின்க்கின் கீழ் ஒரு தட்டுத்தான் தட்டினான் சுனிமல்,
சுவர் நடக்கத் தொடங்கியது.

"அட்வான்சிலதான் கழிப்பன், தம்பி."
"சரி அன்ரி."
இவ்வளவு லேசாகச் சொல்வானென்று
யார் கண்டது?
ஒரு கிழமையாய்ச் சேர்த்து வைத்த வசனமெல்லாம்
வாய்க்குள்ளேயே கிடந்து புளித்தது.

மேலேயும் அடிக்கவா நோனா,
இரண்டாயிரம்தான் கூட.
என்ர வீட்டில என்ன இருக்கு அடிக்க?

கொட்டாஞ்சேனை கோவில்மணியும் உறங்கிய நேரம்
தண்ணீர் குடிக்க எழும்பி லைற்றைப் போட்டேன்.
கழிவுக் குழாயைப் பிடித்தேறி
குடும்பம் குடும்பமாய் வந்திருந்தன,
முற்பணம் இல்லை, ஒப்பந்தம் இல்லை.
மா டின்னின் மூடியில் ஒரு பெரிய கரப்பொத்தான்
மீசையை ஆட்டி ஆட்டி
வீடு பார்க்க வந்த ஆளைப்போல
காற்றோட்டம் எப்படியென்று பார்த்தது.

விடியும்வரை செருப்பும் நானும்.

ஆறு மணிக்குக் கேற் திறந்த சத்தம்.
"அன்ரி, நல்ல மருந்து. கீழ ஒண்டுமில்ல இப்ப."
"ஓம்" என்றேன்,
செருப்பை முதுகுக்குப் பின்னால் பிடித்தபடி.

அட்வான்ஸ் கொப்பியில்
கழிவு எட்டாயிரம் என்பதை
நல்லகாலம்,
பென்சிலால்தான் எழுதியிருந்தேன்.